மேல் சமையலறையில் ஒரு கைத்துப்பாக்கி

என் கணவர் ஓட்டா பொய் சொல்ல மாட்டார். பெருமைக்குச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வருடத்துக்கும் மேலாக அந்த நோயோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன். புது உடுப்பைப் போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "சோபாவுக்கு உறை தைச்ச மாதிரி இருக்கு, லிபா" என்பார். பாதிரியார் சர்ச் வாசலில் கை குலுக்கி, "இன்னைக்குப் பிரசங்கம் எப்படி, பிராபெனெட்ஸ்?" என்று ஆசையாகக் கேட்டால், "நீளம், ஃபாதர்" என்பார். முப்பத்திநான்கு வருடம் ஹவ்லின் குரோவில் தபால்காரராக இருந்தார். அவர் பையிலிருந்து ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரை இருபத்தேழு வருடம் நான் பொய்யராக வைத்திருந்தேன். அது அவருக்கே தெரியாது.

எண்பத்திரண்டில் எங்கள் ஊர்சபை ஒரு சட்டம் போட்டது. ஊர் எல்லைக்குள் யார் வீட்டிலும் கைத்துப்பாக்கி இருக்கக் கூடாது. இருப்பதைத் தொண்ணூறு நாளுக்குள் காவல் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். மான் சுடும் நீளத் துப்பாக்கி இருக்கலாமாம். எங்கள் தெருவில் மான் வந்ததை நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

ஓட்டாவிடம் அவருடைய அப்பாவின் ரிவால்வர் இருந்தது. மாமனார் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இராக் காவல்காரர். முப்பது வருடம் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தார், ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சமையல் மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுவார். அவர் போன பிறகு ஓட்டா அதையே செய்தார். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பன்றி வறுவல் வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும்தான்.

சட்டம் வந்ததும் ஊரே கொதித்தது. ஓட்டாவும் கொதித்தார். ஆனால் அவர் கொதிப்பதும் ஒரு தினுசு. "சட்டம் தப்புதான், லிபா. ஆனா சட்டம். மாத்துற வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும். கேட்காதவனுக்கு மாத்தச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கு?" என்றார். குண்டுகளை எடுத்துத் தனியே கட்டி, வேலைக்குப் போகும் வழியில் தானே கொடுத்துவிட்டார். ரிவால்வரை மட்டும் என் கையில் தந்தார்.

"இதை நீ கொண்டுபோய்க் குடுத்துடு. என்னால முடியாது."

நான் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, பேக்கரிக்காரன் கேக் வைத்துத் தரும் அட்டைப்பெட்டியில் வைத்து, நூலால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். காவல் நிலைய வாசலில் டெலிவிஷன் வண்டி நின்றது. துப்பாக்கி கொடுக்க வருகிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் தலை முழுக்க, முடி சுருள்வதற்காக மாட்டிய சுருட்டைக் குழல்கள். அந்தக் கோலத்தில் அமெரிக்கா முழுதும் என்னைப் பார்க்க வேண்டுமா என்று திரும்பி வந்துவிட்டேன். யார் கேட்டாலும் சொல்ல நான் தயாராக வைத்திருந்த காரணம் இதுதான். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

"குடுத்தாச்சா?" என்றார் ஓட்டா.

"ஆச்சு."

"ரசீது?"

தபால்காரர் அல்லவா! "பெரிய கூட்டம். ரசீதெல்லாம் குடுக்கல" என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பது அன்றுதான் புரிந்தது.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே இந்த மனிதர் தெருவில் இறங்கிவிட்டார். "எங்கப்பாவோடதையே நான் குடுத்துட்டேன். உனக்கென்ன வந்துச்சு?" என்று கடிதம் போடுகிற வீடெல்லாம் சொல்லி வைத்தார். அவர் சொல்லுக்காகப் பதினொரு பேர் கொடுத்தார்கள். அதில் ஒருவன் என் சொந்தத் தம்பி, யார்டா என்று பெயர். தான் ஆசையாக வாங்கிய பிஸ்டலை அழுதுகொண்டே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, மூன்று மாதம் எங்களோடு பேசவில்லை. இத்தனைக்கும் பிறகு நான் எந்த முகத்தோடு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன்?

எனவே ஒளித்து வைத்தேன். எங்கே என்று சொன்னால் எங்கள் தெருப் பெண்கள் மட்டும் சிரிக்காமல் தலையாட்டுவார்கள். மேல் சமையலறை அடுப்புக்குள், ரொட்டி சுடும் அறையில்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் மேல் சமையலறையில் யாரும் சமைப்பதில்லை. சமையல் எல்லாம் நிலவறையில், பழைய அடுப்பில். மாவு பிசைவது, கோஸ் புளிக்க வைப்பது, வறுப்பது, பொரிப்பது அத்தனையும் கீழே. மேலே இருப்பது வந்தவர்கள் பார்க்க. என் மேல் அடுப்பு அறுபத்திநாலில் வாங்கியது. வாரம் இரண்டு முறை துடைப்பேன், ஒரு முறைகூட ஏற்றியதில்லை. ஹவ்லின் குரோவில் அதைவிடப் பத்திரமான இடம் வங்கியில்கூடக் கிடையாது. எங்கள் தெருக்காரிக்கு மட்டுமே தோன்றும் புத்தி, எங்கள் தெருக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

எண்பத்தேழு வெள்ளத்தில் காவல் நிலையத்துக் கீழ்த்தளத்தில் இருந்த காகிதமெல்லாம், துப்பாக்கி கொடுத்தவர்கள் பட்டியலோடு சேர்த்து, ஊறிக் கூழாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஊரே வருத்தப்பட்டது. நான் சர்ச்சில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

இரண்டாயிரத்து எட்டு கோடையில் தலைநகரத்துத் துப்பாக்கித் தடையை வாஷிங்டனில் பெரிய நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே எங்கள் வாசலில் டாலிவர் வந்து நின்றார். விர்ஜீனியாக்காரர், வக்கீல், ஒல்லி, காலில் மாடு மேய்ப்பவர் பூட்ஸ். எங்கள் ஊர்ச் சட்டத்தையும் உடைக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பெண் பார்க்க வந்தவர் மாதிரி வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு ஓட்டாவை விசாரித்தார்.

"போலீஸ் கேஸ் ஏதாவது?"

"இல்ல."

"வண்டி வேகமாப் போனதுக்கு அபராதம்?"

"நான் நடந்துதான் போவேன்."

"குடி?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பீர். யார்டா வந்தா மூணு."

"உங்க அப்பா துப்பாக்கியை நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"என் மனைவி குடுத்தா. நான் சொல்லி."

டாலிவர் என்னைப் பார்த்து, குலதெய்வத்தைப் பார்த்தவர் மாதிரி சிரித்தார். நான் கோலாச் ரொட்டித் தட்டை நீட்டினேன். ஒன்று போதும் என்றார், நான் நாலு வைத்தேன்.

வழக்குக்கு 'பிராபெனெட்ஸ் எதிர் ஹவ்லின் குரோவ்' என்று பெயர். செய்தித்தாளில் ஓட்டாவின் படம் வந்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவர், அதனாலேயே அதை மாற்றச் சொல்லிக் கேட்க உரிமை உள்ளவர் என்று டாலிவர் போன இடமெல்லாம் சொன்னார். வழக்கு நிற்பதே அந்த ஒரு காலில்தான். ஊரில் பாதிப் பேர் ஓட்டாவைத் திட்டக் கேக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேர் பாராட்டக் கேக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கத்துக் கேக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் துப்பாக்கியும் வேண்டாம், தடையும் வேண்டாம்; அடுப்பைத் திறக்காமல் இருந்தால் போதும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே பயம். அந்தப் பெட்டி வெளியே வந்தால் வழக்கு போகும். வழக்கு போனால் போகட்டும். ஓட்டாவின் வார்த்தை போகும். ஊரில் அவரிடம் இருந்த ஒரே சொத்து அது. அதை நான் அடுப்பில் வைத்துவிட்டு அதன் மேல் பூங்கொத்து வேறு வைத்திருந்தேன்.

ஏன் இந்த வயதில் இந்த வழக்கு என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"திருடன் பயமா?"

"நம்ம வீட்டுல எதைத் திருடுவான்? உன் கோஸ் ஜாடியையா?"

"அப்புறம்?"

"அப்பாவோடதை வாங்கிக்கிட்டது தப்புன்னு ஒருத்தர் சொல்லணும். சட்டப்படி. எழுத்துல. அது திரும்பி வராதுன்னு தெரியும்."

நான் நிலவறைக்குப் போய் மாவு பிசைந்தேன். அன்றைக்குத் தேவையே இல்லாத மாவு.

மறு வருடம் ஏப்ரலில் வாக்குமூலம். சத்தியம் செய்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டாவுக்கு முழங்கால் மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்ததால் எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. எனக்குச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதுதான் கவலை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஊர்த் தரப்பு வக்கீல் மிஸஸ் ஹாலோரன். வெள்ளை முடி, தணிந்த குரல், கூர்மையான மூக்கு. சிறிய இயந்திரத்தோடு ஒரு தட்டச்சுப் பெண். பிறகு டாலிவர். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓட்டா வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தபோது கல்யாணத்தன்று நின்ற மாதிரியே நின்றார், பிடித்துத் தள்ளி நடக்கிற ஊன்றுகோல் வண்டி மட்டும்தான் புதிது.

"எண்பத்திரண்டுக்கு அப்புறம் உங்ககிட்ட கைத்துப்பாக்கி இருந்ததா?" என்றார் ஹாலோரன்.

"இல்ல."

"உங்க அப்பாவோடது?"

"காவல் நிலையத்துல குடுத்தாச்சு. என் மனைவி கொண்டுபோனா."

"ரசீது இருக்கா?"

"பெரிய கூட்டம்னு குடுக்கல. என் மனைவி சொன்னா."

என் மனைவி, என் மனைவி! எல்லாவற்றையும் அந்தப் பெண் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் சாப்பாட்டைப் பார்க்கிறேன் என்று நிலவறைக்கு இறங்கிவிட்டேன்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். நான் கீழே மாவுருண்டைகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே பூட்ஸ் சத்தம் சமையலறைக்குள் போவது கேட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு 'டிக்' சத்தம். எங்கள் வீட்டில் அதுவரை நான் கேட்காத சத்தம். அதனால் அது என்னவென்று எனக்கு உறைக்கவே இல்லை.

வாசனை வந்தபோதுதான் உறைத்தது. முதலில் அட்டை கருகும் வாசனை. பிறகு எண்ணெய். சமையல் எண்ணெய் இல்லை.

எழுபது வயதில் அந்தப் படிகளை நான் ஏறிய வேகத்தை முழங்கால் டாக்டர் பார்த்திருந்தால் படம் எடுத்து மாட்டியிருப்பார். மேலே டாலிவர் கையில் கோலாச் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் சூடு பண்ணிக் குடுக்கலாம்னு பார்த்தேன், மேடம். அடுப்பு முதல்ல காயட்டும்னு பத்த வச்சேன். ஏதோ புகையுது."

துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமைக்காக நாடு முழுக்க அலைகிற வக்கீல், துப்பாக்கியை வறுத்துக்கொண்டிருந்தார்.

நான் பாய்ந்து குமிழை அணைத்து, அடுப்புக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"எலி" என்றேன். "உள்ள எலி செத்துக் கிடக்குது போல."

எங்கள் தெருவில் மேல் சமையலறையில் எலி என்று சொல்வதைவிட, ஆளைக் கொன்று புதைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். நாற்பத்தைந்து வருடம் துடைத்த மானத்தை ஒரே சொல்லில் விற்றேன். ஹாலோரன் சமையலறை வாசலில் நின்று அந்தக் கூர்மையான மூக்கை ஒருமுறை சுருக்கினார்.

அவருக்குப் பின்னால் ஓட்டா. ஊன்றுகோல் வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்துபோயின. திரும்பி நடந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் சாப்பாட்டறை வாசலில் போய் நின்றேன். ஹாலோரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். எழுதி வைத்திருந்த கேள்விதானா, மூக்கு சொன்ன கேள்வியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆக, இப்ப இந்த வீட்டுல கைத்துப்பாக்கி எதுவும் இல்ல. சரிதானே, மிஸ்டர் பிராபெனெட்ஸ்?"

தட்டச்சுப் பெண் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். 'இல்ல' என்று ஒரு சொல். காலையிலிருந்து நாலு முறை சொன்ன அதே சொல். சொல்லிவிடு, ஓட்டா, ஒரே ஒரு தடவை எனக்காகச் சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். கெஞ்சும்போதே, சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

"எழுதிக்கோம்மா" என்றார் ஓட்டா தட்டச்சுப் பெண்ணிடம். "நான் காலைல சொன்னது தப்பு. இந்த வீட்டுல ஒரு கைத்துப்பாக்கி இருக்கு. எங்கப்பாவோடது."

டாலிவர் கையிலிருந்த கோலாச் தட்டை மேஜையில் வைத்தார். வைத்தார் என்பதைவிட விழுந்தது எனலாம்.

"இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார் ஹாலோரன்.

ஓட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிஷமா."

"அதை யார் வச்சது?"

"தெரியும். சொல்லமாட்டேன்."

"சத்தியம் பண்ணியிருக்கீங்க. சொல்லித்தான் ஆகணும்."

"அம்மா, நாப்பத்தாறு வருஷம் முன்னாடியும் ஒரு சத்தியம் பண்ணியிருக்கேன். அதுதான் முதல்ல பண்ணினது."

"வச்சது நான்தான்" என்றேன்.

"மேடம், நீங்க பேசக் கூடாது" என்றாள் தட்டச்சுப் பெண்.

"நீ தட்டுடி கண்ணு. லிபுஷெ பிராபெனெட்ஸ், வயசு எழுபது. நான்தான் ஒளிச்சு வச்சேன். இவருக்கு ஒண்ணுமே தெரியாது." பிறகு போய் அடுப்பைத் திறந்து, மூலை கருகிய கேக் பெட்டியைத் துணியால் பிடித்து எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தேன். "எலியும் இல்ல. அதையும் தட்டு."

டாலிவர்தான் முதலில் தேறினார். செத்த முகமாக இருந்தவர் கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. வக்கீல்களுக்கே உரிய வெளிச்சம்.

"மிஸஸ் பிராபெனெட்ஸ்," என்று தேன் ஒழுகச் சொன்னார், "உங்களை இவங்க கைது பண்ணினா எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? மாமனார் ஞாபகத்தைப் பாதுகாத்த மருமகள்! இதைவிட நல்ல வழக்கே கிடைக்காது."

பொய் சொல்வானேன், ஒரு கணம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. செய்தித்தாளில் படம், இந்த முறை ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டு. ஆனால் ஓட்டா மேஜையைத் தட்டினார்.

"போதும், டாலிவர். நான் கேட்டு நடந்தவன்னு சொல்லித்தானே கோர்ட்டுக்குப் போனோம்? நான் கேட்டு நடக்கல. எனக்குத் தெரியலைன்னாலும் நடக்கல. இல்லாததைச் சொல்லி நான் ஜெயிக்க வேண்டாம். இவளைக் காட்டியும் ஜெயிக்க வேண்டாம். கேஸை எடுத்துடுங்க."

"ஒன்பது மாச வேலை, சார்."

"எனக்கு இருபத்தேழு வருஷம்."

ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கைத் திரும்பப் பெற்று, பொருளை இன்றைக்கே காவல் நிலையத்தில் ஒப்படைத்தால், எழுபது வயதுப் பெண்மணியின் அடுப்பைப் பற்றி மேற்கொண்டு பேச ஊருக்கு எந்த அவசரமும் இல்லை என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, "அந்த உருண்டையெல்லாம் ஆறிடப் போகுதே" என்றார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டாலிவர் மட்டும் இரண்டாவது முறை வாங்கவில்லை.

அடுத்த வருடம் சிகாகோக்காரர்கள் போட்ட வழக்கு வாஷிங்டனில் ஜெயித்தது. எங்கள் ஊர்ச் சட்டமும் சத்தமில்லாமல் போனது. இனி கைத்துப்பாக்கியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பில் எங்கள் பெயர் இல்லை. ஓட்டா அதைச் செய்தித்தாளில் முதலிலிருந்து கடைசிவரை படித்தார், பிறகு மடித்து வைத்துவிட்டார். மாமனாருடையதை அதற்குள் உருக்கியிருப்பார்கள். அந்தப் பெட்டி இன்னும் ஒரு வருடம் அடுப்புக்குள்ளேயே இருந்திருந்தால் அது இவருக்குச் சட்டப்படியே கிடைத்திருக்கும். இதை நினைத்து நான் அழாத வாரம் இல்லை.

ஆனால் வாக்குமூலம் நடந்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

காவல் நிலையம் நான்கு தெரு தள்ளி. நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, "பின் சந்து வழியா போயிடலாம், ஓட்டா" என்றேன். "முன் தெரு" என்றார். யார்டாவைக் கூப்பிட்டு வண்டியில் போகலாம் என்றேன். "நடந்து" என்றார். பெட்டியை ஊன்றுகோல் வண்டியின் முன் கூடையில், எல்லோருக்கும் தெரிய வைத்தார். முழங்கால் மாற்றிய மனிதர், அடி அடியாக. வெயில் வந்த முதல் நாள். தெரு முழுக்க ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

"என்ன கூடைல? கேக்கா?" என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்டார்கள்.

"எங்கப்பா துப்பாக்கி. அன்னைக்குக் குடுத்துட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல? குடுக்கல. இன்னைக்குத்தான் குடுக்கப் போறேன். மன்னிச்சுக்கோங்க."

ஒவ்வொரு வீட்டிலும் இதே வாசகம். கடிதம் போட்ட அதே வரிசையில், ஒன்றும் விடாமல். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மூன்றாவது தெருவில் யார்டா புல்வெட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டு இயந்திரத்தை நிறுத்தினான்.

"மாப்ள, அப்ப என்னோடது? நீ சொன்னியேன்னு குடுத்தேனே!"

"ஆமா, மச்சான். தப்பு."

யார்டா என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், ஓட்டாவின் காலைப் பார்த்தான். "அந்தப் பிஸ்டல் எப்பவும் சிக்கிக்கும், சனியன்" என்று சொல்லிவிட்டு மறுபடி புல்வெட்டப் போனான்.

கடைசித் தெருவில் யாரும் இல்லை. ஓட்டா நின்று மூச்சு வாங்கினார். காலையிலிருந்து என்னிடம் 'முன் தெரு', 'நடந்து' தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் பேசினார்.

"ஏன் லிபா?"

டெலிவிஷன் வண்டி, சுருட்டைக் குழல் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. வரவில்லை.

"அன்னைக்கு ரிவால்வரை என் கைல குடுத்துட்டு, கராஜுக்குப் போனியே. கதவைச் சாத்திக்கிட்டு அழுதியே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பெட்டியோட வெளில நின்னுக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம். அதுக்கப்புறம் என்னால அதைக் கொண்டுபோய்க் குடுக்க முடியல. என்னைக்காவது திருப்பிக் குடுக்கலாம்னு வச்சுக்கிட்டேன்."

ஓட்டா காவல் நிலையக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். மன்னித்துவிட்டேன் என்றாலும் தயாராக இருந்தேன்.

"கராஜுக்கு உள்ள வந்திருக்கலாமே" என்றார்.